கல்லு தாங்குமான்னு கேட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து நேராக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதுக்கப்புறம் பேனா பிடித்ததைவிட சிமெண்டு சட்டி பிடித்தது ஜாஸ்தி. எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்தது என்பதும் இப்போது குழம்பிப் போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்கவில்லை. அந்தக் கல்லில் ஓட்டை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது சாகிற வரைக்கும் மறக்காது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் வெள்ளிமலைக்கும் அதுக்கு உள்ளே பஸ் போகாத ஊர்களுக்கும் ஜீப் ஓட்டினார். ஆளும் ஏறும், சாமை மூட்டையும் ஏறும், ஆடும் ஏறும். அவருக்கு முட்டி வலி வந்த பிறகு மகன் ஓட்டுகிறான். மலை ரோட்டில் அடிபட்டு வருகிற வண்டி, மாசத்துக்கு ஒரு தரமாவது ஏதாவது கழண்டு நிற்கும். ரிப்பேர் எல்லாம் எங்கள் வாசலில்தான். அப்பனும் மகனும் காலையில் சாக்கை விரித்துப் போட்டு ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் வாசல் முழுக்க நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு சட்டம் உண்டு. கிளம்புகிற ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எங்க போறீங்க என்று கேட்க மாட்டோம், தூரமா என்று கேட்போம். ஆனால் இவருக்கு அதுவும் ஆகாது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகு யாராவது வாயைத் திறந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து என்னை முறைத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். மலை ரோட்டில் ஓட்டுகிறவர், மனசில் சஞ்சலம் வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாயை மூடுவது கஷ்டம் இல்லை. நான் கூச்சப்பட்ட ஆள். பள்ளிக்கூடத்திலேயே, வெளியே போகணும் என்று விரலைத் தூக்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அந்தச் சட்டம் சாவியோடு நிற்கவில்லை. ஸ்பானருக்கும் வந்துவிட்டது. ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டால் அதுக்கப்புறம் கேள்வி கிடையாது. சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்கலாம். அது கேள்வியில் சேராது போல.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மாசம், மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. ஜீப்பின் பின்பக்கம் கடகட என்று சத்தம் வருகிறது என்று மகன் சொன்னான். பட்டை பட்டையாக அடுக்கிக் கட்டின ஸ்பிரிங்கு ஒன்று பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும். அதைப் பிடிக்கிற போல்ட்டு தேய்ந்துவிட்டதாம். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள். அப்புறம் அந்த ஜாக்கியே இன்னொரு இடத்தில் வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பது ஒரே ஜாக்கி. அதை எடுத்துவிட்டால் வண்டி எதன் மேல் நிற்கும்?

எங்கள் வீட்டுக்காரர் சுவரோரம் போய் ஒரு ஆலோபிளாக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் குளியல் ரூம் கட்டியபோது மிஞ்சின கல்லு, பதினோரு கல்லு அடுக்கி வைத்திருந்தோம். நடுவில் ரெண்டு பெரிய ஓட்டை இருக்குமே, அந்த சிமெண்டுக் கல்லு. அதை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். அதுக்கு மேலே ஒரு பலகைத் துண்டு. ஜாக்கியை இறக்கினார். வண்டி கல்லு மேல் உட்கார்ந்தது.

ஓட்டை ரெண்டும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தன.

இதைப் படிக்கிறவர்களுக்கு அதில் என்ன என்று தோன்றலாம். நான் இருபது வருசத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவள். கள்ளக்குறிச்சியில் எத்தனையோ மாடிக்கு இந்தக் கல்லைத் தலையில் வைத்து ஏற்றினவள். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு கல்லைப் படுக்க வைத்துவிட்டு அதன் மேல் ஏறி நின்றதுக்கு மேஸ்திரி என்னைத் திட்டிய திட்டு இப்போதும் காதில் இருக்கிறது. ஓட்டை வானத்தைப் பார்த்து இருந்தால் சுவரைத் தாங்கும். ஓட்டை பக்கத்தில் திரும்பிவிட்டால் அதுக்கு உயிர் இல்லை. சித்தாள் வேலைக்கு வருகிற பொம்பளைக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. நாற்பது வருசம் ஜீப் ஓட்டினவருக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

மகன் சாக்கில் படுத்து உள்ளே நகரப் போனான். நான் கையில் சாமை வைத்த முறத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் மென்று முழுங்கினேன் என்று தெரியாது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"இன்னாங்க, அந்தக் கல்லு தாங்குமா? ஒடைஞ்சிடாதா?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத என்னால் ஆகாது. "பையன் அடியில போறான். ஒடையுமான்னு கேக்கற. வாயா அது?" என்றார். "உள்ள போ. போயி உன் வேலையப் பாரு."

மகன் படுத்த வாக்கிலேயே சிரித்தான். "யம்மா, ஒண்ணும் ஆவாது. நீ போ."

ஓட்டை இப்படி இருக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டால் அவருக்குக் கோவம் கம்மியாக வரும் என்று நினைத்துத்தான் கேள்வியாகக் கேட்டேன். அதுக்கே இந்தப் பேச்சு. அந்த எரிச்சலை எங்கே காட்டுவது என்று தெரியாமல், கழற்றின சக்கரம் நான் சாமை காயப் போடுகிற இடத்தில் கிடந்ததைப் பார்த்து, "இத வேற நடுவுல போட்டு வச்சிருக்கீங்க, எங்க நான் காயப் போடறது" என்று முனகினேன். மகன் எட்டி அதைக் காலால் தள்ளினான். அது அப்படியே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். நான் உள்ளே போய்விட்டேன்.

சத்தம் பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த ஓட்டாஞ்சில்லை மிதித்தால் எப்படிக் கேட்கும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுத்தான் நான் ஓடி வந்தேன்.

கல்லு மாவாகக் கிடந்தது. வண்டி இறங்கி, அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. மகனின் மாருக்கும் வண்டிக்கும் நடுவில் சட்டை உரசுகிற அளவுதான் இடம். அவன் கண் திறந்திருந்தது. இடது கை மட்டும் மேலே ஸ்பிரிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்து ஆம்பளைகள் எல்லாம் வந்து தூக்கி, அவனை இழுத்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிருக்கு ஒன்றும் இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றைக்கும் மடங்காது.

இது வரைக்கும் நடந்தது விபத்து. அதுக்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பார்க்க வந்தவர்கள் பிஸ்கெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் வைத்தோம், இவ வந்து ஒடையுமான்னு வாய் வச்சா, வச்ச வாய் மூடல, ஒடைஞ்சது. ஒருத்தர் விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நீ சும்மா இருந்திருக்கக் கூடாதா அண்ணி? பெத்தவ வாயில வர்ற வார்த்தையா அது?" என்று கேட்டாள். கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் என்னைப் பார்த்து மட்டும் எத்தனை கேள்வி கேட்டார்கள் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவனை உட்கார வைத்து உப்பு மிளகாய் சுற்றினார்கள். யாருடைய கண்ணைக் கழிக்க? என் கண்ணை. அடுப்பில் மிளகாயைப் போட்டது நான். நெடி வரவில்லை பார், அவ்ளோ கண்ணு என்று நாத்தனார் சொன்னாள். எனக்குத் தொண்டையைக் கரித்தது. இருமலை அடக்கிக்கொண்டேன். ஜீப்பின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். வாடினால் வாராவாரம் மாற்றினார்கள். அதே சமயம் சுவரோரம் மிச்சம் பத்து கல்லும் அப்படியே இருந்தது. ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எலுமிச்சம்பழம் வாரத்துக்கு ஒண்ணு புதுசு. கல்லு அதே கல்லு.

நான் கேட்டது தப்பா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஊரே சொன்னால் நமக்கும் தோன்றும். ரெண்டு மூணு மாசம் நான் வாயே திறக்கவில்லை. சோறு போடட்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

தை முடிந்து மாசியில் என்று நினைக்கிறேன், மகனின் கைக்கு மசாஜ் மாதிரி ஒன்று கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் உள்ளே இருந்தான். நான் வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். எதிரில் வண்டி சாமான் கடை. ஒரு முஸ்லிம் பாய் நடத்துகிற கடை, வெளியே டயரும் பெல்ட்டும் தொங்கும், பக்கத்திலேயே ஒர்க்ஷாப். அந்தக் கடை வாசலில் எத்தனை நேரம் நின்றேனோ, கல்லாவில் இருந்த பாயே கூப்பிட்டார்.

"இன்னாம்மா வேணும்?"

"வண்டிய தூக்கி வச்சா அடியில குடுப்பாங்களே, அது."

"ஜாக்கியா?"

"ஜாக்கி இருக்குது பாய். ஜாக்கி தூக்கும். தூக்கினத அப்படியே நிக்க வைக்க இன்னா குடுக்கணும்?"

சாமான் வாங்க வந்திருந்த ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். "ஆயா ஒர்க்ஷாப்பு வைக்கப்போவுது பாய், பாத்துக்கினு இருங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போயிருப்பேன். பாய் பில் புக்கை மூடிவிட்டு அந்த ஆளைப் பார்த்தார். "நீ எத்தினி வருசமா எங்கிட்ட சாமான் வாங்கற? ஒரு நாளாச்சும் இத கேட்டிருக்கியா? அந்தம்மா கேக்குது. சும்மா இரு."

அப்புறம் நான் கேட்டேன். என் வயசுக்கு ஒரு ஆம்பளையிடம் அத்தனை கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். பாய் ஒன்றும் இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள் இல்லை. நடுவில் வாடிக்கை வந்தால் என்னை நிற்க வைத்துவிட்டு அவர்களைக் கவனித்தார். ஆனால் ஒரு கேள்வியையும் தள்ளவில்லை.

தூக்குவது வேற, தாங்குவது வேற என்றார். ஜாக்கி தூக்கத்தான், அதை நம்பி அடியில் போகக் கூடாது. தாங்குவதுக்கு இரும்பில் கால் அகட்டின ஸ்டாண்டு இருக்கிறது, அதை ரெண்டாகப் போடணும். கெட்டி தரையில் போடணும், மழையில் ஊறின மண்ணில் போட்டால் ஒரு கால் இறங்கிவிடும். ஆலோபிளாக் வைக்கலாமா என்று கேட்டேன். ஓட்டை மேலே பார்த்து இருந்தாலும் கூடாது என்றார். சுவர் அசையாது, வண்டி அசையும், ஒரு தட்டு விழுந்தால் கல்லு சொல்லாமல் உடையும். மரம் என்றால் முன்கூட்டி முறுக்கும், கீறும், சத்தம் போடும். இது எதுவும் சொல்லாது. அதைக் கேட்டதும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கை நம்பாதே, கீர் போட்டிருக்கு என்றும் நம்பாதே, தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை குடு என்றார். மலையில் ஏற்றத்தில் வண்டி நின்றால் யாராவது குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல்லு போடுவார்கள், நானே போட்டிருக்கிறேன். வாசல் சமமாக இருக்கிறது என்று வீட்டில் யாரும் போடுவதில்லை. கடைசியாக, ஸ்டாண்டு போட்ட பிறகு, உள்ளே போவதுக்கு முன்னாடி, வெளியில் நின்று வண்டியை நல்லா ஆட்டிப் பார்க்கணும். விழுகிறதாக இருந்தால் அப்போதே விழட்டும். பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஒரு கார் ஸ்டாண்டு மேல் நின்றது. கூட்டிப் போய், பக்கத்தில் நின்று இடுப்பால் இடித்துக் காட்டினார். அசையவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது என்பதிலிருந்து சொன்னேன். நான் வாய் வைத்தேன் என்று ஊர் சொன்னதையும் சொன்னேன். பாய் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கழட்டின சக்கரத்த யாரு அடியில தள்ளிவுட்டது?"

"பையன்தான். இடத்த அடைச்சிக்கினு இருக்குதுன்னு நான் சத்தம் போட்டேன், காலால தள்ளினான்."

"அதாம்மா அவன காப்பாத்துச்சு. நாங்க வேணும்னே தள்ளி வைப்போம். எல்லாம் தவறினாலும் வண்டி அது மேல வந்து குந்தும், ஆளு மேல குந்தாது."

நான் அவரிடம் ஒரு பழைய பில் தாள் வாங்கி, அத்தனையும் அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சந்தோஷத்தில் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். மூணு மாசமாக ஊர் என்னைப் பார்த்து என்ன சொன்னதோ அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் வாயால் உடைந்தது என்றார்களே, என் வாயால்தான் சக்கரம் உள்ளே போனது. அதை எவனாவது சொன்னானா? பஸ்ஸில் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவன் தலைவலியா என்று கேட்டான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்கவில்லை. "கடையில குந்திக்கினு இருக்கறவனுக்கு இன்னா தெரியும்? அவன் மலை ஏறியிருக்கானா?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்டாண்டு வாங்கவில்லை. தாளை நான் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஆடி மாசம் மறுபடி அந்தப் பின்பக்கத்தில் வேலை வந்தது. மகனுக்கு இடது கையில் பிடி இல்லை, ஸ்பானரை இறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரரே அடியில் போகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி மடக்க முடியாத மனுசன். ஜாக்கி வைத்துத் தூக்கியாச்சு. சுவரோரம் போனார். ஒரு கல்லு, ரெண்டு கல்லு. இந்தத் தடவை ரெண்டு வைத்தால் தாங்கும் என்று மகனிடம் சொல்வது காதில் விழுந்தது. ரெண்டையும் படுக்கத்தான் போட்டார். ஓட்டை நாலும் என்னைப் பார்த்தன.

நான் வெளியே வந்தேன். அவர் சாக்கு விரித்திருந்த இடத்தில், வண்டிக்கு வெளியே, அவர் தலை வைக்கப் போகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எந்திரி என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி பால் பாத்திரத்தோடு நின்றுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் பார்க்க நான் இப்படி மறித்து உட்கார்ந்தது கிடையாது.

"இந்தக் கல்லு எவ்ளோ தாங்கும், சொல்லுங்க" என்றேன்.

"கெளம்பறப்ப கேக்காதன்னு சொல்லி இருக்கேன்."

"கேட்டாலும் ஒடையும், கேக்காட்டியும் ஒடையும். எவ்ளோ தாங்கும்?"

"எந்திரிடி."

"ஓட்டை எந்தப் பக்கம் இருக்கணும்? அதையாச்சும் சொல்லுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் மடங்காத விரல் ரெண்டையும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் எழுந்தேன். சுவரோரம் கடப்பாரை சாய்த்திருந்தது. அடுக்கியிருந்த கல்லில் ஒன்றைக் கீழே தள்ளி, படுக்கப் போட்டு, ஓட்டை என் பக்கம் பார்க்க வைத்து, கடப்பாரையை ஒரு சாண் தூக்கி விட்டேன். ஓங்கக்கூட இல்லை, சும்மா விட்டேன். கல்லு மூணாகப் போனது. இன்னொன்றைத் தள்ளினேன். அதையும் விட்டேன். ரெண்டாவதுக்கே எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்த முடியவில்லை. மூணு, நாலு. நாத்தனார் சொன்னதுக்கு ஒன்று, பிஸ்கெட் கொண்டு வந்தவர்களுக்கு ஒன்று, அந்த மிளகாய் நெடிக்கு ஒன்று என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நான் நினைக்கவில்லை. எல்லாம் உடையணும் என்று மட்டும்தான் நினைத்தேன். சுவரோரம் இருந்த எட்டும் உடைந்தது. வண்டிக்கு அடியில் இருந்த ரெண்டை மகன் எடுத்துக் கொண்டு வந்து என் முன்னால் போட்டான்.

"யப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றான். "எவ்ளோ தாங்கும்?"

வீட்டுக்காரர் உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். உள்ளே எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று பார்த்தார். கட்டை விரல் அகலம்கூட இல்லை.

"தெரியாது" என்றார்.

கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தரம். கேட்டு எனக்கு மனசு ஆறியது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை. இன்னும் ஜாஸ்தியாக எரிந்தது. இந்த ஒரு வார்த்தையைக் கார்த்திகையிலேயே சொல்லியிருந்தால் என் பிள்ளைக்குப் பத்து விரலும் மடங்கும்.

ஜாக்கியை இறக்கினார்கள். நாலு நாள் வண்டி வாசலில் நின்றது. மகன் கள்ளக்குறிச்சிக்குப் போய் அந்தப் பாய் கடையில் ரெண்டு ஸ்டாண்டு வாங்கி வந்தான். பாய் என்னை விசாரித்தாராம், ஒர்க்ஷாப்பு எப்ப தெறக்கறாங்க என்று.

அதுக்கப்புறம் நான் கேட்காமல் இருந்தது இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் அவர் சட்டத்தை விடவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். நான் கேட்பதுக்கு முன்னாடியே பதிலைச் சொல்லிவிடுவது. வேலை இருக்கிற அன்றைக்கு ஸ்பானரை எடுப்பதுக்கு முன்னால் அடுப்படி வாசலில் வந்து நிற்பார். என்னைப் பார்க்க மாட்டார். மிக்ஸியைப் பார்த்துச் சொல்வார். சக்கரத்துக்குக் கட்டை குடுத்தாச்சு. தரை காஞ்சிருக்கு. ஸ்டாண்டு ரெண்டு. கழட்டின சக்கரம் உள்ள இருக்கு. ஆட்டிப் பாத்தாச்சு. சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. சகுனமும் கெடவில்லை.

போன மாசம் அப்படி வந்து நின்று சொன்னார். கட்டை, தரை, ஸ்டாண்டு, சக்கரம். திரும்பிவிட்டார். ஒன்று குறைந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, நான் கேட்கிறேனா என்று பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. அவர் வாசற்படி தாண்டி, சாக்கு கிட்டே போய்விட்டார். வெளியே மலைக்காரர் ரெண்டு பேர் வண்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கேட்டால் அவர்கள் முன்னால் அவருக்கு மானம் போகும்.

"ஆட்டிப் பாத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

அப்புறம் இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஆட்டுகிறார். இப்போதுதான் ஆட்டுகிறார். காத்துக்கொண்டிருந்த மலைக்காரரில் ஒருத்தர் சிரித்தது கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருக்க ஆள் இருக்கிறாரே.

இதை எழுதச் சொன்னது, இதெல்லாம் நடந்த பிறகு வீட்டுக்கு வந்த என் மருமகள். பில் தாளைப் பார்த்து எழுதினேன். ஆனால் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்து இருந்து அது மக்கிப்போய், ரெண்டு வரி அழிந்துவிட்டது. பாட்டரி கழற்றும்போது முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றணும் என்று பாய் சொன்னதாக ஞாபகம், சிவப்பா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஸ்டாண்டை வண்டியின் எந்த இடத்துக்கு அடியில் குடுக்கணும் என்பதும் அழிந்த வரியில்தான் இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் இடம் வேற என்று அவர் சொன்னார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வண்டி வேலை தெரிந்தவர் யாராவது இதை ஒரு தரம் பார்த்து, நான் எழுதினதில் எது சரி, எது தப்பு என்று திருத்திக் கொடுக்கணும். நல்லா இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தப்பு இருந்தால் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு எவனாவது சாக்கை விரித்துப் படுப்பான்.